தண்ணீர் வட்டாரத் தலைவர் மாப்பிள்ளைக்கு எழுதியது

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலமாக இருக்கிறோம். அங்கு நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த இரண்டில் நம்பிக்கைதான் உண்மை. முதலில் எழுதியது மரியாதைக்காக.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று தடவை முயன்றேன். நீங்கள் "சொல்லுங்க மாமா" என்றதும் பேச்சை மாற்றிவிடுவேன். "சும்மாதான் மாப்பிள்ளை, அங்க மழை உண்டா?" என்று கேட்டு வைத்துவிடுவேன். மூன்றாவது தடவை, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே நீங்கள், "மழை இல்ல மாமா, நேத்தும் இல்ல" என்றீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். வேலையை விட்டுவிட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு மாதக் கடைசியில் இங்கே வந்து, நம் வீட்டுப் பின்மனையில் நாற்றுப் பண்ணை போடுவதாக இருக்கிறீர்களே, வேண்டாம். வராதீர்கள். ராஜினாமாக் கடிதம் கொடுத்திருந்தால் காலில் விழுந்தாவது திரும்ப வாங்கிவிடுங்கள். "நம்ம வீட்டு போர்ல தண்ணி வத்தினதா சரித்திரமே இல்ல" என்று உங்களிடம் மார்தட்டியவன் நான்தான். அந்தப் பேச்சை நம்பித்தான் நீங்கள் கிளம்புகிறீர்கள். இன்று உங்கள் நாற்றுகளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் தரக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருப்பவனும் நான்தான். இடையில் நடந்ததைச் சொல்கிறேன். படித்துவிட்டு என்னை மன்னிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் தெருவின் மேல்கோடியில் இரண்டு வீடுகளில் போர் வறண்டுபோனது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீர்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனார். நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர் எல்லோருக்கும் பொது; போர் வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடி ஒரு தண்ணீர் வட்டாரம் அமைக்க வேண்டும்; மட்டத்தை அளந்து, யார் எவ்வளவு எடுப்பது என்று தாங்களே விதி வகுத்து நடத்திக் காட்டினால் வாரியம் தலையிடாது; முடியாவிட்டால் வாரியமே வந்து மோட்டார்களுக்குப் பூட்டுப் போடும். இவ்வளவுதான் அதில் இருந்தது. பூட்டு என்ற சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வைத்த இடம் சுட்டது.

கூட்டம் சலவைக்கடையில், இஸ்திரி போடும் அறையில் நடந்தது. தெருவில் அத்தனை பேர் நிற்கக்கூடிய அறை அது ஒன்றுதான். மேசை நிறைய யார் யாருடையதோ கால்சட்டைகள். நீராவியில் எல்லோருக்கும் கண்ணாடி மங்கியிருந்தது. சலவைக்கடைக்காரரையே தலைவராகப் போடலாம் என்று யாரோ சொன்னதும், பெண்கள் விடுதி நடத்தும் அம்மாள் பாய்ந்துவிட்டார். "நல்லா இருக்கே! தெருத் தண்ணில பாதியைக் குடிக்கிறதே இவர் மெஷின்தான்." "உங்க விடுதியில அத்தனை பொண்ணுங்களும் தினம் தலைக்குக் குளிக்கிறாங்களே, அது எந்தக் கணக்கும்மா?" என்றார் சலவைக்கடைக்காரர். "குளிக்கிறதையெல்லாம் எதுக்கு எட்டிப் பாக்கறீங்க?" என்றார் இவர். அதற்குமேல் நடந்ததை மாப்பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் எழுத முடியாது. கடைசியில் பல் டாக்டர் கையைத் தூக்கினார். அவர் கையைத் தூக்கினால் யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொள்வார்கள். "தலைவருக்கு ஒரே ஒரு தகுதி போதும். பயப்படணும். தைரியமான ஆளைப் போட்டா, தண்ணி கீழ போனா இன்னும் நூறடி தோண்டுன்னு சொல்வார். பயந்த ஆள்தான் இருக்கிறதைக் கட்டிக் காப்பாத்துவார். இந்தத் தெருவுலயே ரொம்பப் பயந்தவர் யாரு?"

அறையில் இருந்த அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு நொடி யோசித்துவிட்டாவது திரும்பியிருக்கலாம், மாப்பிள்ளை. இஸ்திரி போடுகிறவர்கூடப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்லத்தான் எழுந்தேன். அத்தனை கண்களையும் பார்த்ததும் பயம் வந்து, "சரி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். "பாத்தீங்களா?" என்றார் பல் டாக்டர்.

அளப்பதற்கும் என் வீட்டுப் போரையே தேர்ந்தெடுத்தார்கள். அது தெருவுக்கு நடுவில் இருக்கிறது என்று வெளியே சொன்னார்கள். வேறு யாரும் தங்கள் போரைத் திறந்து காட்டச் சம்மதிக்கவில்லை என்பதுதான் விஷயம். ஒருவர் தண்ணீர் இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டால் கண் போட்டுவிடுவார்களாம். "சார் எடை அளவை ஆபீஸ்ல இன்ஸ்பெக்டரா இருந்தவர், ஒரு நூல் பிசகாது" என்று சலவைக்கடைக்காரர் வேறு புகழ்ந்து வைத்தார். நான் எடைப் பிரிவு, நீளம் வேறு பிரிவு, வேலை பார்த்த காலம் முழுக்கத் தராசையும் படிக்கல்லையும் தவிர வேறெதையும் சோதித்ததில்லை என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பல் டாக்டர் வீடு கட்டியபோது வாங்கிய நூறடித் துணி நாடா ஒன்று கிடைத்தது. அதன் நுனியில் ஒரு கனத்தைக் கட்டிப் போருக்குள் இறக்க வேண்டும். உள்ளே ஏற்கெனவே மோட்டாரின் குழாயும் வயரும் தொங்குகின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் சந்து வழியாக விட வேண்டும். கனம் தண்ணீரைத் தொட்டதும் 'ளப்' என்று ஒரு சத்தம் வரும். அந்த நேரத்தில் போரின் வாயருகே நாடாவில் எந்த எண் நிற்கிறதோ, தண்ணீர் அத்தனை அடி கீழே இருக்கிறது என்று அர்த்தம். நான் குழாயில் காதை வைத்துக் குந்தியிருக்க, தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. "சத்தம் போடாதீங்க, தலைவர் கேக்கிறார்!" என்று சலவைக்கடைக்காரர் போட்ட சத்தத்தில் முதல் 'ளப்' எனக்குக் கேட்கவில்லை. மறுபடி இறக்கினேன். அறுபது அடி. எல்லோரும் கை தட்டினார்கள். அதை வைத்து விதிகள் எழுதினோம். எழுபதுக்குக் கீழே போனால் என் வீட்டுக் கேட்டில் பச்சைத் துண்டை எடுத்துவிட்டு மஞ்சள் துண்டு கட்ட வேண்டும். குழாயைப் பிடித்துக் கார் கழுவக்கூடாது, சலவைக்கடை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஓடும். எண்பத்தைந்துக்குக் கீழே போனால் சிவப்புத் துண்டு. வீட்டுக்கு ஒரு மணி நேரம்தான் மோட்டார், தண்ணீர் தேவைப்படும் தொழில் எதையும் யாரும் புதிதாகத் தொடங்கக்கூடாது. துண்டுகளைச் சலவைக்கடைக்காரர் கொடுத்தார். வாங்கிப் போக ஆள் வராதவையாம்.

வாராவாரம் அளப்பது என் வேலை. கனத்துக்கு, நான் ஓய்வுபெற்ற அன்று அலுவலகத்தில் பரிசாகத் தந்த பெட்டியிலிருந்து அரைக் கிலோப் பித்தளைக் கல்லை எடுத்திருந்தேன். இரண்டாவது வாரமே அது உள்ளே எதிலோ மாட்டிக்கொண்டது. மெதுவாக இழுத்தேன், வரவில்லை. அத்தையும் கூடச் சேர்ந்து இழுத்தாள். நாடா அறுந்து, நாங்கள் இருவரும் செம்பருத்திச் செடிமேல் விழுந்தோம். கல்லும் கொஞ்சம் நாடாவும் உள்ளேயே தங்கிவிட்டன. வேறு கல் கட்டலாம் என்றால், எடை மாறினால் அளவு மாறிவிடுமே என்று பயம். பெட்டியில் இருந்த இருநூறு கிராம் கல் இரண்டையும் நூறு கிராம் கல் ஒன்றையும் சேர்த்துத் தராசில் நிறுத்து, துல்லியமாக அரைக் கிலோ என்று பார்த்த பிறகே கட்டி இறக்கினேன். அறுபத்தொன்பது. ஒரே வாரத்தில் ஒன்பது அடி! வெளியே சொன்னதும் விடுதி அம்மாள் அண்டா, டிரம் எல்லாம் நிரப்பினார். அதைப் பார்த்து மற்றவர்களும் நிரப்பினார்கள். தண்ணீர் போகிறது என்று தெரிந்ததும் தண்ணீரை எடுக்கிறார்களே என்று எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

அடுத்த வாரம் அந்த மூன்று கற்களும் போயின. மூன்றும் ஒரே கட்டாகப் போனதால் அழுகையே வந்துவிட்டது. பெட்டியில் மிச்சம் இருந்தவை மாத்திரை அளவுக் கற்கள்தான். பின்பக்கக் கொட்டகையின் பூட்டை எடுத்தேன். அது நானூற்று முப்பது கிராம். பழைய குழாய்த் தலை ஒன்றையும் இரண்டு திருகாணிகளையும் சேர்த்ததும் தராசு முள் நடுவில் நின்றது. (பூட்டை எடுத்தது அத்தைக்குத் தெரியாது. திருடன் வந்து பூட்டை மட்டும் திருடிக்கொண்டு போயிருக்கிறான், அடுத்தது கதவுதான் என்று பயந்துகொண்டிருக்கிறாள். இந்த இடத்தை என் மகளுக்குப் படித்துக் காட்டாதீர்கள். அவள் சொல்லிவிடுவாள்.) இறக்கினேன். எழுபத்தெட்டு. மஞ்சள் துண்டு ஏறியது.

அன்று முதல் இந்தத் தெருவில் நான் நிமிர்ந்து நடப்பதில்லை. சலவைக்கடைக்காரர் மெஷின் ஓடாத நாட்களில் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதுவும் பேசாமல் என் கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். திட்டிவிட்டால்கூடத் தேவலை. பல் டாக்டரிடம் போகிறவர்களுக்கு வாய் கொப்பளிக்க அரைக் குவளைதானாம். விடுதி அம்மாள் ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து என் வீட்டுக்கே அழைத்து வந்தார். "பாருங்க சார், இடுப்பு வரைக்கும் இருந்த முடி. அலச தண்ணி இல்லன்னு வெட்டிக்கிட்டா. நல்லா பாத்துக்குங்க" என்றார். நான் பார்த்தேன். அந்தப் பெண் பாவம், "எனக்கு இதுதான் அங்கிள் பிடிச்சிருக்கு" என்றது. அம்மாள் காதில் அது விழவில்லை.

இதற்கெல்லாம் மேல் என்னைப் பயமுறுத்துவது மோட்டார். முன்பைவிட நன்றாக ஊற்றுகிறது! படுக்கையில் கிடக்கும் நோயாளி திடீரென்று எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்டால் வீட்டில் இருப்பவர்கள் உறவுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவார்களே, அந்த மாதிரி இருக்கிறது எனக்கு. இன்னொன்றும் கவனித்தேன். உள்ளே கல் விழும்போதெல்லாம் அடுத்து அளக்கையில் மட்டம் இறங்கியிருக்கிறது. நான் போடுகிற கல்லுக்குப் பயந்து தண்ணீர் ஆழத்துக்கு ஓடுகிறதோ என்று அத்தையிடம் கேட்டேன். "தண்ணியும் உங்களை மாதிரின்னு நினைச்சீங்களா?" என்றாள்.

போன வாரம் பூட்டும் போய்விட்டது. அளக்கிற நாள், பக்கத்து வீட்டில் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், கட்ட எதுவும் இல்லை. கடைசியில் அத்தையின் சமயோசித புத்தி கைகொடுத்தது. ஒரு சின்னப் பையில் மணல் நிரப்பி, அரைக் கிலோ நிறுத்துக் கொடுத்தாள். எண்பத்தாறு, மாப்பிள்ளை. நாடாவே நூறு அடிதான். என் மோட்டார் தொங்குவது தொண்ணூறு அடியில். சிவப்புத் துண்டைக் கட்டச் சலவைக்கடைக்காரரே வந்தார். முடிச்சுப் போட்டுவிட்டு, "சரியாத்தானே சார் அளந்தீங்க?" என்று கேட்டார். "மூணு தடவை எடை போட்டுப் பாத்தேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் கூட்டத்தில் சிவப்புத் துண்டு விதிகளை வாசித்தேன். புதுத்தொழில் தொடங்கக்கூடாது என்ற இடத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "தலைவர் வீட்டு நாற்றுப் பண்ணைக்கும் இதேதானே?" என்றார் விடுதி அம்மாள். அவர் கேட்டதில் தப்பில்லை. பார்த்துக்கொண்டிருந்த முகங்களில் முடி வெட்டிக்கொண்ட பெண்ணின் முகமும் இருந்தது. "இதேதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் நாற்றுத் தட்டுகளும் விதையும் வாங்கிவிட்டதாக மகள் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பேனாவை மூட மறந்து சட்டைப் பையில் வைத்துவிட்டேன். சட்டை பாழ். துவைக்கவும் வழியில்லை.

ஆகவே உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வேலையை விடாதீர்கள். என் மகளை இந்தத் தண்ணீரில்லாத இடத்துக்குக் கூட்டிவராதீர்கள். நானும் அத்தையும் முடிந்தவரை தாக்குப்பிடிக்கிறோம். முடியாதபோது நாங்கள் அங்கே வருகிறோம். மோட்டாரை இன்னும் கீழே இறக்குவதற்குக் குழாய்க்காரர் வந்து வாசலில் நிற்கிறார். தெருவே உள்ளே வந்து வேடிக்கை பார்க்கக் காத்திருக்கிறது. நான் அங்கே போயாக வேண்டும்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும். உங்கள் குழாயில் எந்நாளும் தண்ணீர் வர வேண்டும். அத்தை உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் பாசமுள்ள மாமனார்
(தலைவர், தண்ணீர் வட்டாரம்)

பி.கு.: மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம்.

குழாய்க்காரர் மோட்டாரின் குழாயை ஒவ்வொரு துண்டாகக் கழற்றி மேலே தூக்கினார். வயரைக் கட்டியிருந்த கட்டுகளில் என் அரைக் கிலோக் கல் தொங்கிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் மூன்று கற்களும், அதற்குப் பின்னால் பூட்டும். ("நம்ம கொட்டகைப் பூட்டு!" என்று அத்தை கத்தியது உங்களுக்கே கேட்டிருக்கும்.) ஒவ்வொன்றோடும் ஒரு முழ நாடா இருக்கும் என்று நினைத்திருந்தேன். வந்துகொண்டே இருந்தது. குழாய்க்காரர் அவற்றைத் துவைக்கிற கல்மேல் வரிசையாகப் பரப்பினார். முதல் துண்டில் எட்டு அடி வரை எண்கள். இரண்டாவதில் பதினேழு வரை. மூன்றாவதில் இருபத்தெட்டு வரை. என் கையில் இருந்த நாடாவைப் பார்த்தார். அது இருபத்தொன்பதில் ஆரம்பித்தது.

"சார், உங்க தண்ணி எங்கயும் போகல. உங்க நாடாதான் உள்ள போயிருக்கு" என்றார்.

நாடா அறுந்து குறைந்ததை எல்லாம் தண்ணீர் குறைந்ததாகத் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறேன். கள்ள அளவு வைத்திருந்த கடைக்காரர்களை எத்தனை பேரை நிற்க வைத்து அபராதம் போட்டவன் நான்! சலவைக்கடைக்காரர் என்னை நோக்கி நடந்து வந்தார். நான் போரின் வாய்க்குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்போ இன்னைக்கு உண்மையில எவ்வளவு சார்?"

எண்பத்தாறில் இருபத்தெட்டைக் கழித்தேன். "அம்பத்தெட்டு."

"மொதல்ல அளந்தப்போ?"

"அறுபது."

"ரெண்டடி ஏறியிருக்கா?" என்றார் விடுதி அம்மாள். சலவைக்கடைக்காரர் குனிந்து போருக்குள் பார்த்தார். உள்ளே ஒன்றும் தெரியாது, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் கடை போட்ட நாள்லேர்ந்து இந்தத் தெருவுல தண்ணி இறங்கித்தான் சார் பாத்திருக்கேன்" என்றார்.

நான் ராஜினாமா செய்கிறேன் என்றேன். பல் டாக்டர் கையைத் தூக்கினார். "பயந்தவர் வேணும்னுதான் சொன்னேன். அளக்கத் தெரிஞ்சவர் வேணும்னு நான் சொல்லவே இல்லையே." சலவைக்கடைக்காரர் கேட்டிலிருந்து சிவப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "தலைவரா நீங்களே இருங்க சார். எப்பவும் போல பயந்துக்கிட்டு இருங்க, அது போதும். அளக்கிறதை நாங்க பாத்துக்கிறோம்." இனி எல்லோர் போரையும் திறந்து அளப்பதாகவும், ஒருவர் நாடாவை இன்னொருவர் சோதிப்பதாகவும் அங்கேயே முடிவாயிற்று. சலவைக்கடை முன்போல ஓடும். குழாயில் கார் கழுவுவது மட்டும் திரும்ப வேண்டாம் என்று கார் வைத்திருப்பவர்களே சொல்லிவிட்டார்கள். சொட்டு நீர் போட்டால் நாற்றுப் பண்ணைக்கு ஆட்சேபணை இல்லை என்றார் விடுதி அம்மாள், முதல் ரோஜாச் செடி தனக்கு என்ற நிபந்தனையோடு.

ஆகவே வாருங்கள். வேலையை விட்டுவிட்டு உடனே வாருங்கள். வரும்போது இரும்பு நாடா ஒன்று வாங்கி வாருங்கள், எந்த எண்ணில் ஆரம்பிக்கிறது என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் இருந்தேன். அத்தைதான் தடுத்தாள். "அப்படியே அனுப்புங்க. யாரோட ஒரே வீட்டுல இருக்கப் போறோம்னு மாப்பிள்ளைக்கும் தெரியட்டும்" என்றாள்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்திக்கொண்டிருக்கிறது. சில வாரங்களுக்குள் இரண்டடி ஏறியிருக்கிறது. இதே வேகத்தில் ஏறிக்கொண்டே போனால் ஒருநாள் போரின் வாயைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிடாதா? உங்களுக்கு நீச்சல் தெரியுமா, மாப்பிள்ளை? என் மகளுக்குத் தெரியாது.